அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டார், மகன் என்ன சொன்னான்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு மாணவன் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டால் அடுத்து நடப்பது அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். அடிதடியாக இருக்கலாம், ஹாஸ்டல் அறையில் பாட்டில் சிக்கியதாக இருக்கலாம், ஜூனியரை மிரட்டியதாகவோ தேர்வில் பிட் வைத்திருந்ததாகவோ இருக்கலாம். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, இல்லன்னா கிளாஸுக்குள்ள வராதே" என்பார் எச்.ஓ.டி. மறுநாள் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நல்ல சட்டையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து வந்து, முதல்வர் அறைக்கு வெளியே காத்திருப்பார். உள்ளே போனதும் பிள்ளை வளர்ப்பைப் பற்றி நாலு வார்த்தை வாங்கிக்கொள்வார். "சார், இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க, இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்பார். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தில் அவரும் மகனும் கையெழுத்துப் போடுவார்கள். விஷயம் முடிந்துவிடும். இந்தச் சடங்கு கடுமையாக இருக்கிறது என்பது என் குறை அல்ல. பதில் சொல்ல வேண்டியவன் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் அறையைவிட்டு வெளியே வந்துவிடுகிறான் என்பதுதான் குறை.

நடத்தைப் பிரச்சினையில் சிக்கிய மாணவருக்கு ஆதரவு என்றால் நம் ஊரில் இரண்டு அர்த்தம்தான் உண்டு. ஒன்று, எப்படியாவது காப்பாற்றிவிடுவது. இன்னொன்று, பேசிப் பேசித் திருத்துவது, அதாவது அறிவுரை. இரண்டிலும் மாணவர் வெறும் பார்வையாளர். என் கட்சி வேறு. செய்ததற்குத் தானே பதில் சொல்லவும், கெடுத்ததில் சரிசெய்ய முடிந்ததைத் தானே சரிசெய்யவும் அவரை நிறுத்துவதுதான் ஆதரவு. அப்படி நிற்கும்போது பக்கத்தில் இருப்பது பெற்றோரின் வேலை. அப்படி நிற்பதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஒரு காதும் வைத்திருப்பது கல்லூரியின் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இப்போது நடப்பதில் பாதியையாவது நிறுத்தினால்தான் இதற்கு இடமே கிடைக்கும்.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் சேரும் வருடமோ அதற்கடுத்த வருடமோ மாணவருக்கு 18 முடிந்துவிடுகிறது. ஓட்டுப் போடலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், வழக்கு வந்தால் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். காவல் நிலையத்தில் பெரியவர், கல்லூரி அலுவலகத்தில் மட்டும் குழந்தை. யு.ஜி.சி. 2009இல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள்கூட மாணவர், பெற்றோர் இருவரிடமும் உறுதிமொழிப் பத்திரம் கேட்கின்றன. கேட்பதில் தவறில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று வீட்டுக்கும் தெரியட்டும். ஆனால் நடைமுறையில் அந்தக் காகிதம் யாருக்கு உதவுகிறது? நாளை ஏதாவது நடந்தால் "அன்னிக்கே கையெழுத்து வாங்கிட்டோம்" என்று சொல்ல நிர்வாகத்துக்கு உதவுகிறது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. இந்த இடைவெளியை உண்டாக்கியவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு டிபார், கண்டனேஷன், டிசிப்ளின் கமிட்டி என்ற சொற்கள் அந்த அறையில்தான் முதல்முறை காதில் விழுகின்றன. என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பெற்றோரின் பங்கேற்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்து, வளர்ப்பைப் பற்றிய அந்த நாலு வார்த்தை. கல்லூரி வயதுத் தவறுகளில் பெரும்பாலானவை தனியாக இருக்கும்போது செய்யப்படுபவை அல்ல. உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க் தன் சக ஆய்வாளர் மார்கோ கார்ட்னருடன் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. பதின்ம வயதினர், கல்லூரி வயதினர், 24க்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று பிரிவினராக 306 பேரை எடுத்து, கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடவிட்டார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடினார்கள். பக்கத்தில் தோழர்கள் இருந்தபோது சிறியவர்கள் ஆபத்தான முடிவுகளை அதிகம் எடுத்தார்கள். கல்லூரி வயதினரிடமும் அது தெளிவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சென்னையின் 'ரூட் தல' கலாசாரத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே வழித்தடத்தில் வரும் மாணவர்கள், அவர்களுக்கு ஒரு 'தல', எதிரே இன்னொரு கல்லூரி, இடையில் பேருந்தின் கூரை அல்லது மின்சார ரயிலின் படிக்கட்டு. 2019 ஜூனில் பஸ் டே கொண்டாட்டத்தில் கூரைமேல் ஏறியவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இன்னொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு இறந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூரைமேல் ஏறிய பையன் வீட்டில் தங்கையின் ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்து கொடுப்பவனாகவே இருக்கலாம். அவன் அப்பாவிடம் போய் வளர்ப்பைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது, ஏனென்றால் அவர் வளர்த்த பையனை நாம் பேசிக்கொண்டிருக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: உன்னுடன் யார் இருந்தார்கள், யார் தொடங்கியது, எந்த நொடியில் விலகியிருக்க முடியும், விலகினால் என்ன ஆகும் என்று பயந்தாய்? இவற்றுக்குப் பதில் அந்த மாணவனிடம் மட்டும்தான் இருக்கிறது. அவனைத்தான் நாம் பேசவிடுவதில்லை.

பேசவிடாமல் நேராகத் தண்டனைக்குப் போகும்போது இன்னொன்றும் நடக்கிறது. தண்டனையின் அளவு, கொடுத்தவருக்கே தெரியாமல் மாறிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவம் போன்ற காரணங்களுக்குத்தான் 65 வரை சலுகை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், வராமல் இருக்க இடம் 22 நாள்தான். அதில் இரண்டு வார சஸ்பென்ஷன் பாதியைத் தின்றுவிடும். நடுவில் காய்ச்சல், அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா என்று பதிமூன்று நாள் ஏற்கெனவே போயிருந்தால் கதை முடிந்தது. தேர்வெழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும், ஒரு வருடம் போய்விடும், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள் படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது என்று வைத்திருக்கும் நிபந்தனையில் அடிபடும். கமிட்டி கொடுத்தது பத்து நாள், மாணவர் அனுபவிப்பது ஒரு வருடம். இப்படித்தான் ஆக வேண்டும் என்று யோசித்து யாராவது முடிவெடுத்திருந்தால் அதோடு வாதம் செய்யலாம். யாரும் யோசிக்கவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

அந்தப் பத்து நாளில் அவன் எங்கே இருப்பான் என்பதும் யாருடைய கவலையும் இல்லை. வீட்டில் இருந்தால் சரி. விடுதியிலிருந்தும் நீக்கிவிட்டால், ஊருக்குப் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு, ஏதோ ஒரு நண்பனின் அறையில் தங்குவான். எந்தக் கூட்டத்தால் சிக்கலில் விழுந்தானோ அதே கூட்டத்தோடு முழுநேரமும் இருக்கக் கல்லூரியே விடுமுறை கொடுத்தது போல ஆகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஒரே வகுப்பில் தங்குவதும், படிப்பை விடுவதும், அடுத்த ஆண்டு சிறார் நீதி அமைப்பின் கையில் சிக்குவதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. வெளியேற்றியதால்தான் கெட்டார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சிக்கலில் இருந்தவர்களைத்தானே வெளியேற்றியிருப்பார்கள்? அவர்கள் பள்ளி மாணவர்கள், நாம் பேசுவது கல்லூரி. இதெல்லாம் சரி. ஆனால் வெளியேற்றுவதால் நடத்தை சீர்படுகிறது என்ற நம்பிக்கைக்கு இந்த அளவு தரவிலும் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

சரி, மாணவரைப் பேசவைப்பது என்றால் என்ன? இது கருணை சார்ந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். 1962 முதல் இது இந்தியச் சட்டம். தேர்வில் முறைகேடு செய்ததாக உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் மாணவர்களின் முடிவை ரத்து செய்த கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில், அவர்கள் தரப்பைக் கேட்காமல் அப்படிச் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பது என்றால் சினிமாவில் வரும் நீதிமன்றக் காட்சி அல்ல. 1973இல் ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கில், மாணவிகள் விடுதிக்குள் நுழைந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட மாணவர்கள், எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெண்களை எங்கள் முன்னால் விசாரிக்கவில்லையே என்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாயிற்று, பாதிக்கப்பட்டவர்களின் பாதுகாப்புக்காகச் சாட்சிகளின் பெயரை மறைக்கலாம் என்றது. இந்த இரண்டு தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கல்லூரி எவ்வளவு எளிமையான நடைமுறை வைத்துக்கொள்ளலாம் என்று தெரியும். என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் ஒரு பக்கம். படித்துப் பதில் எழுத மூன்று நான்கு நாள். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதாமல் சொந்தக் கையால் எழுதிய விளக்கம். முடிவெடுப்பவர் முன் நேரில் ஒரு பேச்சு, துணைக்குப் பெற்றோரோ மாணவர் நம்பும் ஓர் ஆசிரியரோ. காரணம் சொல்லும் உத்தரவு, மேல்முறையீடு யாரிடம் என்ற குறிப்பு. ராகிங் தண்டனையில் இணைப்புக் கல்லூரி மாணவர் துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 2009 ஒழுங்குமுறையே சொல்கிறது. அதை எத்தனை கல்லூரிகள் உத்தரவின் கடைசி வரியில் போடுகின்றன என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

பேசியபின்? தண்டனை தேவைப்படும் இடத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் செய்ததோடு அதற்கு ஒரு தொடர்பு இருக்க வேண்டும். உடைத்த கண்ணாடிக்குப் பணம் கட்டுபவர் பெரும்பாலும் அப்பா. ஒரு மாதம் மாலை நேரங்களில் நூலகத்திலோ பராமரிப்புப் பிரிவிலோ வேலை செய்து அதை ஈடுகட்டுவது மகனாக இருந்தால் கணக்கு வேறு. யாரை அவமானப்படுத்தினானோ அவர் சம்மதித்தால், நடுவில் ஒருவர் இருந்து நடத்தும் சந்திப்பு ஒன்றை ஏற்பாடு செய்யலாம். டேவிட் கார்ப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் சகாக்களும் 18 கல்லூரிகளின் ஒழுங்கு நடவடிக்கைகளை ஒப்பிட்டபோது, இப்படிப் பாதிப்பைச் சரிசெய்யும் முறையில் கலந்துகொண்ட மாணவர்கள் வழக்கமான விசாரணையில் நின்றவர்களைவிட அதிகம் கற்றுக்கொண்டதாகத் தெரிந்தது. கார்ப் இந்த முறைக்காகவே பேசுபவர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் சீரற்ற தேர்வு முறையில் இதே அணுகுமுறையை வைத்து ரான்ட் நிறுவனம் நடத்திய சோதனை இன்னும் நிதானமான படத்தைக் காட்டுகிறது. சஸ்பென்ஷன் குறைந்தது, பள்ளிச் சூழல் நன்றாக இருப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள், ஆனால் நடுநிலை வகுப்புகளில் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. ஆகவே இது மந்திரக்கோல் அல்ல. சரியாகச் செய்ய நேரமும் பயிற்சியும் வேண்டும், அரைகுறையாகச் செய்தால் வகுப்பு நேரத்தைத் தின்னும்.

பெற்றோர் பக்கம் வருவோம். செய்தி வந்த இரவு வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது: அடி, அல்லது போன். அடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயதுப் பையனை அடித்தால் அவன் அடுத்தமுறை சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வான். போன்தான் நுட்பமான ஆபத்து. மாமாவுக்குத் தெரிந்த வட்டச் செயலாளர், பழைய எம்.எல்.ஏ.வின் உதவியாளர், கல்லூரி டிரஸ்டியின் சொந்தக்காரர் என்று வரிசையாக அழைப்புகள் போகும். வேலை நடந்துவிட்டால் மகன் கற்றுக்கொள்வது என்ன? விசாரணை என்பது ஆள் இல்லாதவர்களுக்கு என்பதை. அதே விடுதி அறையில் அதே பாட்டிலோடு பிடிபட்ட இன்னொரு பையனின் அப்பாவுக்கு அப்படிப் போன் செய்ய ஆள் இல்லாதபோது, அவன் கற்றுக்கொள்வதும் அதையேதான். நான் சொல்லும் ஆதரவில் பெற்றோருக்கு வேலை குறைவு இல்லை, கூடுதல். முதலில் முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், நம் வீடுகளில் இதுவே பெரிய சாதனை. விளக்கக் கடிதத்தை அவனே எழுத வேண்டும். எழுதியதைப் படித்துவிட்டு "இதில் நீ செய்த பகுதி எங்கே இருக்கு?" என்று கேட்கலாம். கல்லூரி கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வாங்க வேண்டும், புரியாததில் கையெழுத்துப் போடக் கூடாது, "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குத் தர்றேன் சார்" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அறையில் முதலில் மகனோ மகளோ பேசட்டும். விடுபட்டதைக் கடைசியில் சொல்லலாம்.

காவல்துறை வரை போன விஷயம் என்றால் கதை வேறு. அங்கே பேசுவதற்கு முன் வழக்கறிஞர் வேண்டும், கல்லூரிக்கு எழுதும் விளக்கத்தையும் அவர் பார்த்தாக வேண்டும். செய்ததை ஒப்புக்கொள் என்று நான் சொல்வது குற்ற வழக்கில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்ற அர்த்தத்தில் அல்ல. கஞ்சா விஷயத்தில் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையாகிவிட்ட ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம்சாட்டப்பட்டால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றுக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. நாட்டின் கடுமையான சட்டங்களில் ஒன்று சிகிச்சைக்குக் கதவு திறந்து வைத்திருக்கும்போது, பல விடுதிகளின் விதிப்புத்தகத்தில் மட்டும் டி.சி. கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழியே இல்லை. இன்னொன்று, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது: ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளையை அந்தச் சில நாட்கள் தனியே விடாதீர்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த வயதில் தோன்றுவது எளிது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது பெரிய ஆட்சேபணை. பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டு, செய்தவனுக்கு எவ்வளவு பேச்சு? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டுக்கே முன்னோடியாக ராகிங் தடைச் சட்டம் 1997இல் இங்கே வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. நாவரசு கொலை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2011 ஆயிற்று. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து விளைவித்தவரை உடனே விலக்கி வைப்பதிலும் போலீசில் புகார் கொடுப்பதிலும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அங்கே சமரசச் சந்திப்பு பற்றிப் பேசுவது அநியாயம். பாலியல் புகார்களுக்குத் தனிச் சட்டமும் உள்ளகக் குழுவும் இருக்கின்றன, அவற்றை எச்.ஓ.டி. அறையில் பேசித் தீர்க்கவே கூடாது. ஆனால் புகார்களில் பெரும்பாலானவை அந்தக் கோடியில் இருப்பவை அல்ல. அவற்றில் பாதிக்கப்பட்டவருக்கு இப்போதைய முறை என்ன தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். செய்தவனுடைய அப்பா முதல்வரிடம் மன்னிப்புக் கேட்டார். முதல்வரை யாரும் ராகிங் செய்யவில்லையே! யாருக்கு அநியாயம் நடந்ததோ அந்த ஜூனியரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவன் அறையை மாற்றவில்லை, நாளை மெஸ்ஸில் அதே சீனியரைப் பார்க்கும்போது என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. இருக்கும் ஒரே ஆயுதம் டிஸ்மிஸல்தான் என்றால் சின்னத் தவறுக்குப் புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது. "அவன் வாழ்க்கையே போயிடும்டா, விட்டுடு" என்ற வாக்கியம் எத்தனை புகார்களை விழுங்கியிருக்கும்? 2009 ஒழுங்குமுறை, வகுப்பிலிருந்து நிறுத்தி வைப்பதில் தொடங்கி விடுதி நீக்கம், ஒன்று முதல் நான்கு செமஸ்டர் விலக்கம், நிரந்தர நீக்கம் என்று படிப்படியாகத் தண்டனைகளை வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. அதே ஒழுங்குமுறை, செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. செய்யாதவனையும் செய்தவனோடு ஒரே கூட்டமாகக் கட்டிப்போடுவது அந்தக் கூட்டத்தைத்தான் இறுக்கும்.

பயம் விட்டுப் போய்விடும் என்பது அடுத்த ஆட்சேபணை. பயம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எதைப் பார்த்துப் பயம் என்பதில்தான் சிக்கல். தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கிறது என்பதைக் குற்றவியல் ஆய்வாளர் டேனியல் நாகின் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். பத்துப் பேரில் ஒருவனைப் பிடித்து டி.சி. கொடுத்தால், மீதி ஒன்பது பேர் அவனைத் துரதிர்ஷ்டசாலி என்றுதான் நினைப்பார்கள். பத்துப் பேரும் ஒவ்வொரு முறையும் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, என்ன செய்தேன், யாரைப் பாதித்தது என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும் என்றால் அது தப்பிக்க முடியாத ஒன்று. அப்பாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது இதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். மாணவர்களையே கேட்டால் சொல்வார்கள்.

"ஃபீஸ் கட்டுறது அப்பாதானே, அவருக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்கள். தெரியட்டும். மேலை நாடுகளில் போல, மாணவர் அனுமதியில்லாமல் பெற்றோரிடம் வாய் திறக்காதே என்று நான் கேட்கவில்லை, நம் குடும்ப அமைப்புக்கு அது ஒத்தும் வராது. ஆனால் வீட்டுக்குப் போகும் ஒரு போன், எல்லா வீட்டிலும் ஒரே விளைவை உண்டாக்காது. நடத்தைப் பிரச்சினை என்ற பெயரில் மாணவிகள் மீது எழுதப்படுபவற்றில் பல, யாரோடு பேசினாள், யார் பைக்கில் வந்தாள் என்பவை. அவை நடத்தைப் பிரச்சினையே அல்ல. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்கு மட்டும் பாகுபாடான விதிகள் போடக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்லிவிட்டன. 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பொறியியல் மாணவர் சங்கர் சாதியின் பெயரால் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. இங்கே ஒரு பேராசிரியர் மாணவியின் வீட்டுக்குப் போன் செய்து "உங்க பொண்ணு ஒரு பையனோட சுத்துது" என்று சொல்வது சாதாரணத் தகவல் பரிமாற்றம் ஆகாது. யாரை அழைப்பது, எப்போது அழைப்பது என்று மாணவரிடம் முதலில் கேட்பது பல நேரங்களில் பாதுகாப்பு விஷயம். சாதியின் பெயரால் பள்ளி மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழு, கல்வி நிலையங்களில் நடக்கும் மோதல்களுக்குள் சாதி எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை விரிவாகப் பேசியது. 'இரண்டு பசங்களுக்குள் சண்டை' என்று கமிட்டி எழுதிவிட்டால் அந்தப் பகுதி அப்படியே காணாமல் போய்விடும்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது கடைசி ஆட்சேபணை, எல்லாவற்றிலும் நேர்மையானதும் இதுதான். செமஸ்டர், அங்கீகாரக் கோப்புகள், அட்மிஷன் வேட்டை என்று ஆசிரியர்களை ஏற்கெனவே பிழிந்தாகிவிட்டது. ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. முதலாண்டு மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று 2009 ராகிங் ஒழுங்குமுறையிலேயே சொல்லியாகிவிட்டது, அந்த ஆசிரியர் தினமும் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும் என்பது வரை. 2025 ஜூலையில் மாணவர் மனநலம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வகுத்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. மாதம் நான்கைந்து வழக்கு வரும் கல்லூரியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் என்றாலும் பத்து மணி நேரம். இப்போது அப்பாக்களைக் காத்திருக்க வைக்கும் நேரத்தைக் கூட்டினால் அதைவிட அதிகம் வரும்.

ஒரு விஷயம் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை: தண்டனை முடிந்து திரும்பி வரும் நாள். ஒரு செமஸ்டர் வெளியே இருந்தவன் இப்போது ஜூனியர்களோடு உட்கார வேண்டும், பழைய வகுப்பு மேலே போய்விட்டது, ஆசிரியர்களில் சிலர் "வந்துட்டியா" என்பார்கள். அந்த வாரத்தில் யார் அவனைச் சந்திக்க வேண்டும், விடுபட்ட லேப் வகுப்புகளுக்கு என்ன வழி, பாதிக்கப்பட்டவர் இன்னும் அங்கேயே படிக்கிறார் என்றால் இருவரும் ஒரே லேப் பேட்சில் வராமல் யார் பார்ப்பது என்பதைத் தண்டனை உத்தரவிலேயே எழுதலாம். படிப்பு முடியும்போது கொடுக்கும் நடத்தைச் சான்றிதழில் என்ன எழுதுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். முதல் வருடத்தில் செய்து, பதில் சொல்லி, ஈடு செய்து முடித்த ஒன்றை நான்காம் வருடத்தில் திரும்ப எடுத்து மிரட்டுவதற்கு அது ஆயுதமாக இருக்கக் கூடாது. சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தால், யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி மாணவர் முதலில் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவிடமும், அங்கே சரியாகாவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். அந்த மனுவையும் அவரே எழுதட்டும், அப்பா தபால் செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும்.